பச்சைக் கறியா, பாக்கெட் தீனியா? உங்கள் வீட்டு நாய்க்கு எது நல்லது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கூடவே கணவரின் அம்மா. வந்தது அந்த அம்மாவின் மூட்டு வலிக்காக. சர்க்கரையும் இருக்கிறது. நாடி பார்த்து, மருந்து எழுதி, பத்தியம் சொல்லி முடித்தேன். எழுந்திருப்பார்கள் என்று பார்த்தால், யாரும் எழுந்திருக்கவில்லை! கணவர் மனைவியைப் பார்க்கிறார், மனைவி மாமியாரைப் பார்க்கிறார்.

"சார், இன்னொரு விஷயம்... தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்ல ஒரு லேப்ரடார் குட்டி இருக்கு. நாலு மாசம் ஆகுது. அதுக்கு என்ன சாப்பாடு போடறதுன்னு தினமும் சண்டை. நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லிடுங்க" என்றார் கணவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு இல்லை. சரி, ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசுங்கள் என்றேன்.

கணவர் ஆரம்பித்தார். "நாய் ஓநாய் வம்சம் சார். காட்டுல ஓநாய் என்ன குக்கர் வெச்சா சாப்பிடுது? பச்சைக் கறி, பச்சை எலும்பு, ஈரல்... இதுதான் அதுக்கு இயற்கை. பெங்களூர்ல என் ஃப்ரெண்டு ரெண்டு நாய்க்கும் இதைத்தான் போடறான். முடியெல்லாம் பளபளன்னு இருக்கு."

மனைவி விடவில்லை. "காலைல பையனுக்கு டிபன், இவருக்கு லஞ்ச், அத்தைக்குப் பத்தியச் சாப்பாடு. இதுக்கு நடுவுல கறியை வேற கழுவி வெட்டிட்டிருக்க என்னால ஆகாது. பாக்கெட்டைப் பிரிச்சமா, தட்டுல கொட்டினமான்னு இருக்கணும். கணக்குப் பார்த்துச் செஞ்ச சத்துதானே சார் அது?"

மாமியார் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "எங்க தோட்டத்துல எத்தனை நாய் வளர்த்திருப்போம்! பழைய சோறும் மோரும், ராத்திரி மிஞ்சின களியும்தான். ஒண்ணாவது டாக்டர்கிட்டப் போச்சா?"

கணவர் என்னைப் பார்த்து நம்பிக்கையோடு சொன்னார்: "நீங்க சித்த வைத்தியர். இயற்கை பக்கம்தான் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும் சார்."

அங்கேதான் அவர் கணக்கு தப்பியது. "முதல் காரியமாக இன்று ராத்திரியே பச்சைக் கறியை நிறுத்துங்கள்" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவருக்குச் சொன்னதை விடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இது ஒரு வீட்டுச் சண்டை இல்லை. காலையில் எங்கள் பகுதியில் வாக்கிங் போனால், நாலு வீட்டுக்கு ஒரு நாய் எதிரே வருகிறது. நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை. நாய்க்கு நோய் வந்தால் என்னிடம் வராதீர்கள்! ஆனால் முப்பது வருஷமாக ஒரு குடும்பத்தின் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு வைத்தியம் பார்ப்பவன். நாயின் தட்டும் அதே அடுப்படியில்தான் இருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பச்சை வேறு, இயற்கை வேறு

சித்த வைத்தியம் என்றாலே 'அப்படியே பறித்துச் சாப்பிடுவது' என்று பலர் நினைக்கிறார்கள். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று 'சுத்தி'. எந்தச் சரக்கையும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது. சேராங்கொட்டையும் எட்டிக்கொட்டையும் நேர்வாளமும் இயற்கைதான். சுத்தி செய்யாமல் கொடுத்தால் ஆளை முடித்துவிடும். ரொம்பச் சாதுவான சரக்குகளுக்கே இந்த விதி உண்டு. சுக்கு என்றால் மேல்தோலைச் சீவ வேண்டும். கடுக்காய் என்றால் உள்ளே இருக்கும் கொட்டையை எடுத்துவிட வேண்டும்.

ஆக, இயற்கை தருவதை நெருப்பாலும் நீராலும் பக்குவப்படுத்தி, கெடுதலை நீக்கி, நல்லதை மட்டும் எடுத்துக் கொள்வதுதான் நம் மரபு. 'பச்சையாக இருந்தால்தான் இயற்கை' என்பது நம் பாட்டன் பூட்டன் சொன்னது இல்லை. நாய்க்குப் பச்சைக் கறி என்ற இந்தக் கொள்கையை உலகமெல்லாம் பரப்பியதில் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1993-ல் அவர் எழுதிய புத்தகம் வந்த பிறகுதான் இது ஓர் இயக்கம் மாதிரி வளர்ந்தது. அதாவது, இந்த 'ஆதி உணவு' நம்ம ஊர் கேபிள் டி.வி. வயசுதான்!

உங்கள் வீட்டில் இருப்பது ஓநாய் இல்லை

நாய் ஓநாயின் வம்சம் என்பது உண்மை. ஆனால் அது மனிதனோடு சேர்ந்து பல்லாயிரம் வருஷம் ஆகிவிட்டது. அவன் சோறு தின்ன ஆரம்பித்தபோது இதுவும் அவன் மிச்சத்தைத் தின்ன ஆரம்பித்தது. அதற்கேற்ப அதன் உடம்பே மாறிப்போயிற்று.

ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மாவுச்சத்தை ஜீரணிக்கும் அமைலேஸ் என்ற நொதியைச் செய்ய ஒரு மரபணு உண்டு. ஓநாயிடம் அதன் பிரதி இரண்டுதான். நாய்களிடம் 4 முதல் 30 வரை! நம்ம ஊர் நாய்க்குக் களியும் சோறும் ஜீரணம் ஆவது இதனால்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று நாம் பெருமையாகச் சொல்லும் வேட்டை நாய்களுக்கே கிராமத்தில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கஞ்சியும் ஊற்றித்தானே வளர்த்தார்கள்? வேட்டை கிடைத்த அன்றைக்குத்தான் அவற்றுக்குக் கறி.

அதனால் ஓநாயைக் காட்டி நாய்க்குச் சமையல் பட்டியல் போடுவது, குரங்கைக் காட்டி நமக்குச் சாப்பாடு போடுவது மாதிரிதான்.

சேலத்து வெயிலும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

சரி, சத்து விஷயம் அப்படியே இருக்கட்டும். எனக்கு அதை விடப் பெரிய பயம் வேறு.

பக்கத்து நாமக்கல் கோழிக்கும் முட்டைக்கும் பேர் போன ஊர். அதனால் நமக்குக் கோழிக்கறி சுலபமாகக் கிடைக்கிறது. கடையில் கழுத்து, கால், ஈரல் எல்லாம் 'நாய்க்கு' என்று கேட்டாலே சல்லிசாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆனால் அது எத்தனை மணிக்கு வெட்டியது? எவ்வளவு நேரம் வெயிலில் தொங்கியது? நம் ஊரில் ஏப்ரல், மே மாதம் வெயில் 38, 40 டிகிரி என்று கொளுத்துகிறது. அந்தச் சூட்டில் கிருமிகள் இருபது, முப்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிப்பாகும். காலையில் பத்து இருந்தால் மத்தியானத்துக்குள் ஆயிரக்கணக்கில் ஆகிவிடும்.

"நாங்க ஃப்ரீஸர்ல வெச்சுத்தான் சார் போடறோம்" என்றார் கணவர். ஃப்ரீஸரில் வைத்தால் சால்மோனெல்லா தூங்கும், சாகாது. வெளியே எடுத்ததும் எழுந்து உட்காரும்.

அமெரிக்காவில் சுத்தமான ஃபேக்டரியில் பேக் செய்து, உறைய வைத்து விற்கும் பச்சை நாய், பூனை உணவையே அந்த நாட்டு அரசின் எஃப்.டி.ஏ. வாங்கிப் பரிசோதித்தது. இரண்டு வருஷம் நடந்த அந்தச் சோதனையில் 196 மாதிரிகள். அதில் 15-ல் சால்மோனெல்லா, 32-ல் லிஸ்டீரியா! அங்கேயே அந்த நிலைமை என்றால், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நாம் வாங்கும் கறிக்கு யார் உத்தரவாதம்? அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே, வேகவைக்காத மாமிசத்தை நாய், பூனைக்குப் போட வேண்டாம் என்று கொள்கை முடிவே எடுத்துவிட்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கறியைத் தின்ற நாய்க்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். பேதி இருக்காது, காய்ச்சல் இருக்காது, வாலை ஆட்டிக்கொண்டு இருக்கும். ஆனால் அதன் மலத்திலும் வாயிலும் கிருமி இருக்கும். அது வந்து நக்குவது யாரை? வீட்டுக் குழந்தையை! அது படுப்பது எங்கே? சர்க்கரை வியாதிக்காரப் பாட்டியின் கட்டிலுக்குக் கீழே! நாய் தாங்கும், ஆறு வயசுப் பையனும் எழுபது வயசு அம்மாவும் தாங்குவார்களா?

ஆட்டுக்கடைக் கழிவு இன்னும் மோசம். பச்சை நுரையீரல், ஈரல் இவற்றில் ஒரு வகை நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் அதன் குடலில் அந்தப் புழு வளரும். முட்டை மலத்தில் வெளியேறும். தடவிக் கொடுத்த கையோடு நாம் சாப்பிட்டால் அந்த முட்டை நமக்குள் போய், வருஷக் கணக்கில் சத்தமில்லாமல் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாக வளரும். ஹைடாடிட் கட்டி என்று பேர். ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடும். இத்தனைக்கும் தடுப்பு என்ன தெரியுமா? கறியை நன்றாக வேகவைப்பது, நாய்க்குக் காலாகாலத்தில் பூச்சி மருந்து கொடுப்பது. அவ்வளவுதான்!

இன்னொன்று. 2024 டிசம்பரில் நாக்பூர் அருகே கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. பறவைக் காய்ச்சல் கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தது. அவற்றுக்குப் போட்ட கோழிக்கறி வழியாக வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. புலிக்கே இந்தக் கதி என்றால், பச்சைக் கோழியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாமா? வேகவைத்தால் அந்தக் கிருமி செத்துப்போகும். நமக்கு அடுப்பு எதற்கு இருக்கிறது?

வைத்தியனே செய்த தப்பு

இவ்வளவு பேசும் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. 1998 வாக்கில், சேலத்தில் பிராக்டீஸ் ஆரம்பித்த புதிதில், என் வீட்டில் ஓர் அல்சேஷன் கலப்புக் குட்டி வளர்த்தேன். 'மாமிசம் தின்னும் பிராணிக்கு மாமிசம்' என்று ரொம்பத் தெளிவாக முடிவு செய்தேன். எலும்பு தொண்டையில் சிக்கும் என்று பயந்து, எலும்பில்லாத கறியாகப் பார்த்து, வேகவைத்து, வேளா வேளைக்குப் போட்டேன். சோறு கூடக் கிடையாது. ராஜ உபசாரம்!

நாலாம் மாசம் முடிவதற்குள் முன்கால் இரண்டும் வில் மாதிரி வளைய ஆரம்பித்தன. பாதம் விரிந்து போயிற்று. படி ஏறும்போது அழும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரேயில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு நிழல். அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கறி போடறீங்க சரி, கால்சியம் எங்கே?"

விஷயம் இதுதான். வெறும் சதையில் கால்சியம் ஒரு பங்கு என்றால், பாஸ்பரஸ் பதினைந்து, இருபது பங்கு. நாய்க்கோ இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வேண்டும். கால்சியம் கொஞ்சம் கூடவே இருக்கலாம். இந்தக் கணக்கு தப்பினால் ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கும். வளரும் குட்டிக்கு எலும்பு கரைந்தால் என்ன ஆகும்?

அந்த டாக்டர் உணவை மாற்றிக் கொடுத்தார். குட்டி பிழைத்தது, வளர்ந்தது, பதினொரு வருஷம் இருந்தது. ஆனால் இடது முன்கால் கடைசி வரைக்கும் கொஞ்சம் வளைந்தேதான் இருந்தது. கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு அது விந்தி விந்தி ஓடி வரும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நாய்க்குத் தெரியாது, அது என் தப்பு என்று. எனக்குத் தெரியும்.

பாசம் இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் தெரிய வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

அப்படியானால் பாக்கெட்தான் நல்லதா? அதையும் பார்த்துவிடலாம். நம்ம ஊரில் எந்தக் கம்பெனிப் பாக்கெட்டாக இருந்தாலும் 'பெடிகிரி' என்றுதான் கேட்பார்கள், ஜெராக்ஸ் மாதிரி!

இது இன்று நேற்று வந்தது இல்லை. 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய் பிஸ்கட் செய்து விற்க ஆரம்பித்தார். இப்போது நாம் பார்க்கும் உருண்டைகள் 1950-களின் பிற்பகுதியில் வந்தவை. தானியம், மாமிசத்தூள், கொழுப்பு, உப்புச்சத்துகள், வைட்டமின்கள் எல்லாவற்றையும் மாவாகப் பிசைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் மெஷின் வழியாகப் பிதுக்கி, உலர்த்தி எடுக்கிறார்கள். நம்ம முறுக்கு அச்சு சமாசாரம்தான், பெரிய அளவில்.

இதில் உள்ள நல்லது, கணக்கு. வளர்ந்த நாய்க்கு உலர்ந்த எடையில் குறைந்தது 18 சதவிகிதம் புரதம், 5.5 சதவிகிதம் கொழுப்பு; குட்டிக்கு 22.5 சதவிகிதம் புரதம், 8.5 சதவிகிதம் கொழுப்பு என்று அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு அளவு வைத்திருக்கிறது. கால்சியம், பாஸ்பரஸுக்கும் வரையறை உண்டு. ஒழுங்கான கம்பெனி இதை அனுசரித்துத்தான் செய்கிறது. என் குட்டிக்கு நான் கொடுக்கத் தவறிய கால்சியம் அந்த உருண்டையில் இருக்கிறது. அதனால் 'பாக்கெட் என்றாலே விஷம்' என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. 2007-ல் அமெரிக்காவில் ஏராளமான நாய், பூனைகளுக்குக் கிட்னி பழுதாயிற்று. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், புரதம் அதிகம் இருப்பதாகக் காட்டுவதற்காக மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். 2020 கடைசியில் அங்கேயே இன்னொரு தடவை. சோளத்தில் வந்த அஃப்லாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு உலர் தீனியில் இருந்தது. 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக எஃப்.டி.ஏ.வுக்குத் தகவல் வந்தது. இந்த நஞ்சைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அமெரிக்கா போக வேண்டாம், நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் யாரையாவது கேளுங்கள். ஈரப்பதம் உள்ள மக்காச்சோளம் வந்தால் அவர் ஏன் பதறுகிறார் என்று சொல்வார்.

அதனால் பாக்கெட் வாங்குகிறவர்கள் கடையில் திறந்து கிடக்கும் மூட்டையிலிருந்து 'லூஸில்' அள்ளிப் போடுவதை வாங்காதீர்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் விலை போனாலும் பரவாயில்லை, கொட்டிவிடுங்கள். இன்னொன்று, உருண்டையில் ஈரம் சுமார் 10 சதவிகிதம்தான். கறியிலும் சோற்றிலும் 70 சதவிகிதம். நம்ம வெயிலுக்கு உருண்டை போடும் வீட்டில் தண்ணீர்ச் சட்டி காலியாகவே இருக்கக் கூடாது. கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தும் போடலாம்.

பழைய சோற்றில் பாதி உண்மை

மாமியார் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. தோட்டத்து நாய் களி தின்று வளர்ந்தது நிஜம். கேழ்வரகு 100 கிராமில் கால்சியம் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான். சேலத்துக் களிக்கு அந்தப் பெருமை உண்டு. (அந்தக் கால்சியம் முழுவதும் உடம்பில் ஒட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆனால் அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க தோட்டத்து நாய் களியை மட்டுமா தின்னுச்சு?" யோசித்தார். சிரித்தார். "எலி பிடிக்கும், ஓணான் பிடிக்கும், கோழி முட்டையைத் திருடும்... கெடா வெட்டினா எலும்பெல்லாம் அதுக்குத்தான்." அதேதான்! நாள் பூராவும் நாலு ஏக்கர் சுற்றி, தனக்கு வேண்டியதை அது தானே தேடிக்கொண்டது. ஃபேர்லேண்ட்ஸில் கேட்டுக்குள் கட்டிப்போட்ட லேப்ரடாருக்கு எலி ஏது, ஓணான் ஏது? நாம் போடுவதுதான் அதற்கு உலகம்.

அதோடு, ஒரு ஈற்றில் ஆறு குட்டி என்றால் நாலு சின்னதிலேயே செத்துப்போனதை நாம் மறந்துவிடுகிறோம். பிழைத்து வளர்ந்ததுதான் ஞாபகத்தில் இருக்கிறது.

சைவக் குடும்பங்களில் தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்க்கிறார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில். நாய் சைவத்தில் வாழ முடியும்; ஆனால் தயிர்சாதத்தில் மட்டும் வாழ முடியாது. பருப்பு, பனீர், முடிந்தால் வேகவைத்த முட்டை என்று புரதத்தைக் கூட்ட வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு மற்ற சத்துகளையும் சேர்க்க வேண்டும்.

சரி, எதைத்தான் போடுவது?

என் கட்சி இது: பச்சைக் கறி வேண்டாம். வீட்டில் சமைத்துப் போட நேரமும் பொறுப்பும் உள்ளவர்கள் சமைத்துப் போடுங்கள். இல்லாதவர்கள் நல்ல பாக்கெட்டை வாங்கிப் போடுங்கள். அதற்காக மனசாட்சி உறுத்த வேண்டியதில்லை.

சமையல் என்றதும், மிச்சத்தைக் கொட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில், புத்தகங்களிலும் மற்ற இடங்களிலும் வந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். 95 சதவிகிதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியமான சத்தாவது குறைவாக இருந்தது! அதனால் நான் இங்கே 'ஒரு கப் அரிசி, அரைக் கப் கறி' என்று குறிப்பு எழுதப்போவதில்லை. உங்கள் நாயின் எடை, வயசு, இனம் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். ஒரே ஒரு தடவை போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்து ப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். நம்ம பக்கத்தில் நாமக்கல் கல்லூரி 1985-லிருந்து இருக்கிறது; தலைவாசலிலும் இப்போது கால்நடைக் கல்லூரி வந்துவிட்டது. கேட்க இடமா இல்லை?

யாருக்கும் பொருந்தும் விஷயங்கள் மட்டும் இங்கே:

* கறி, மீன், முட்டை எதுவானாலும் வேகவைத்தே போடுங்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேர விடாது.

* வேகவைத்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பு பல்லை உடைக்கும், தொண்டையில் அடைக்கும். எலும்பை வேகவைத்த தண்ணீரை ருசிக்காக ஊற்றலாம்; அதில் கால்சியம் பெரிதாக இறங்காது.

* வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டாலும் அப்படியே. "பூச்சிக்குப் பூண்டு நல்லதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்று நாய்க்கு அரைத்து ஊற்றியவரும் என்னிடம் வந்திருக்கிறார். நான் சொன்னது மனுஷனுக்கு! பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மனுஷனுக்கு எழுதிய மருந்து எதையும், சித்த மருந்தாக இருந்தாலும், நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

* பாக்கெட் உணவு சாப்பிடும் குட்டிக்கு மேற்கொண்டு கால்சியம் சிரப் ஊற்றாதீர்கள். லேப்ரடார் மாதிரிப் பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் அதிகமானாலும் எலும்பு வளர்ச்சி கெடும். கறியும் சோறும் போடும் வீட்டில்தான் அது தேவை. எவ்வளவு என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

* பாக்கெட்டில் 'முழு உணவு' என்று இருக்கிறதா, இல்லை வெறும் தின்பண்டமா என்று படியுங்கள். குட்டிக்குக் குட்டிக்கானது. 'தானியமே இல்லாதது' என்று கூடுதல் விலைக்கு விற்பதைக் கண்டு மயங்காதீர்கள். அந்த வகை உணவுக்கும் நாய்களுக்கு வரும் இதய வீக்கத்துக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று 2018-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது, இன்னும் முடிவு தெரியவில்லை.

* உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் பேதியாகும்.

* நாய்த்தட்டைக் கழுவும் பிரஷ் தனி. கழுவியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அந்த மூன்று பேர்

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாவின் மூட்டு வலிக்கு மருந்து வாங்க மூவரும் மறுபடி வந்தார்கள். முடிவு எடுத்துவிட்டார்களாம். கால்நடை மருத்துவரிடம் போய் அளவு கேட்டு, குட்டிக்கு ஒரு வருஷம் ஆகும் வரை பாக்கெட். அதற்கு மேல் ராத்திரிச் சாப்பாடு வீட்டில். கறியும் முட்டையும் வேகவைப்பது கணவர் பொறுப்பு!

"பளபளப்பு போயிடுமோன்னுதான் சார் பயமா இருக்கு" என்றார் கணவர். அந்தப் பளபளப்பு பச்சையால் வரவில்லை, கொழுப்பால் வந்தது. வேகவைத்த கறியிலும் நல்ல பாக்கெட்டிலும் அது உண்டு என்றேன். கொஞ்சம் சமாதானம் ஆன மாதிரி இருந்தது.

மாமியார் மட்டும் என் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்: "எப்பவாவது ஒரு உருண்டை களி?"

"டாக்டர் கொடுத்த அளவுக்குள்ள, உப்புப் போடாம, ஒரே ஒரு சின்ன உருண்டை" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மூட்டு வலியே பாதி குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.